பத்தொன்பது அடியில் பாறை

1924 மார்ச் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, மலாயாவில் செமோருக்கு வடகிழக்கே கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளீயம் தேடி இறக்கிய இருபத்தேழாவது துளை பத்தொன்பதாவது அடியில் பாறையைத் தொட்டது.

துளையிடும் கூட்டத்தில் ஒன்பது பேர். மண்ணுக்குள் இறங்கும் இரும்புக் குழாயின் தலையில் ஒரு பலகை மேடை. அதன்மேல் நான்கு பேர் நின்று உளிக்கம்பியைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். இன்னும் நான்கு பேர் குழாயில் பூட்டிய மரத்தண்டைப் பிடித்துக்கொண்டு செக்குமாடு போலச் சுற்றி வருவார்கள். ஒன்பதாவது ஆள், அவர்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி. சற்றுத் தள்ளிக் குடை நிழலில் மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பவர் கிராணி விஸ்வலிங்கம். கறுப்பு மண், களி, மணல், ஈயமண், பாறை என்று ஒவ்வோர் அடியிலும் ஏறி வருவதை அவர் எழுதிக்கொள்வார்.

பாறை தட்டினால் மேலும் ஐந்தடி குடைந்து பார்க்க வேண்டும் என்பது விதி. தட்டியது அடிப்பாறையாகவும் இருக்கலாம், மண்ணுக்குள் கிடக்கும் தனிக்கல்லாகவும் இருக்கலாம். அந்த ஐந்தடிக்கு ஒரு முழுப் பகல் போய்விடும்.

"ஹபிஸ்னு எழுதி முடிச்சுறாதீங்க கிராணி ஐயா," என்றான் சன்னாசி. "இது அடிப்பாறை இல்ல. ஒதுங்கிக் கெடக்குற கல்லு. இதுக்குக் கீழ ஈயமண்ணு இருக்கு, சத்தியமா இருக்கு. அஞ்சடி போலாம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"கல்லுதான் சொல்லுச்சு."

மேடையில் நின்ற நால்வரும் சிரித்தார்கள். முந்தைய இருபத்தாறு துளைகளிலும் விஸ்வலிங்கம் விதியை மீறியதில்லை. அன்று அவர் ஐந்தடி குடையாமலே, 'பத்தொன்பது அடியில் பாறை. இருபத்து நான்கு அடிவரை சோதித்தது' என்று எழுதி நோட்டை மூடினார். குழாயைப் பிடுங்கச் சொன்னார்.

சன்னாசிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓரடி நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் குழாயில் வைத்துக் கண்ணை மூடுவான். களி, மணல், கல் ஒவ்வொன்றும் தாடையில் ஒவ்வொரு விதமாக அதிரும் என்பான். சுரங்க எஞ்சினியர் துரை முதல் தடவை இதைப் பார்த்தபோது சிரித்தார். சன்னாசி வரிசையாகப் பத்துத் துளைகளில் சரியாகச் சொன்னபிறகு சிரிப்பை நிறுத்தினார். ஒரு நாள் அந்தக் கம்பியைக் கேட்டு, வேட்டித் தலைப்பில் சன்னாசி துடைப்பதற்குள் வாங்கித் தாமே கடித்துப் பார்த்தார்.

விஸ்வலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வருட வேலையில் அந்தத் துரை அவருடைய பேனாவைக்கூடக் கடன் கேட்டதில்லை.

அவர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பரீட்சை தேறியவர். பூமியின் அமைப்பைப் பற்றி இரண்டு புத்தகங்கள் வைத்திருந்தார். ஈப்போவைச் சுற்றி வெள்ளைவெளேரென்று நிற்கும் சுண்ணாம்பு மலைகள் நிலத்துக்கு மேலே தெரியும் பகுதி மட்டுமே என்பது அவருக்குத் தெரியும். கிந்தா பள்ளத்தாக்கு மேலே தட்டுப்போல் இருக்கிறது. அடியிலோ அதே சுண்ணாம்புப் பாறை கூர் கூராகவும் கிடங்கு கிடங்காகவும் கிடக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கருங்கல் மலைகளிலிருந்து அடித்து வரப்பட்ட ஈயமண் அந்தக் கிடங்குகளில் தங்குகிறது. ஓரிடத்தில் பன்னிரண்டு அடியில் பாறை இருக்கும், பத்தடி தள்ளினால் எழுபது அடியிலும் இருக்காது. இதையெல்லாம் அவர் துரையிடம் விளக்கியிருக்கிறார். துரை "சரி, சரி" என்பார். அவர் கண் சன்னாசியின் வாயில் இருக்கும்.

துளைவேலை முடிந்ததும் ஒருவரை நிரந்தர மேற்பார்வையாளராக நியமிப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. செமோரில் மூன்றறை வீடு உண்டு. எந்த ஜன்னலுக்கு என்ன துணி என்பதுவரை விஸ்வலிங்கத்தின் மனைவி தவமணி முடிவு செய்திருந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் துரை விஸ்வலிங்கத்தைக் கூப்பிட்டு, சன்னாசிக்கு எண்கள் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறையில் சொல்லி அவரும் ஒரு கம்பி செய்துகொண்டார். கிணற்றடிக் கைப்பம்பின் குழாயில் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் கடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது தவமணி வாளியோடு வந்தாள்.

"இஞ்சருங்கோ, பசிச்சா உள்ளுக்கு வந்து சாப்பிடுங்கோவன்."

"ஒரு பரிசோதனை."

"அந்தச் சன்னாசி செய்யிறதையோ? அவனுக்குப் பல்லிருக்கு. உங்களுக்கு ரெண்டு ஆடுது."

தவமணி அடித்த பம்பின் கடகடப்பையும் தம் காதுக்குள் ஓடும் இரத்தத்தையும் தவிர அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் துரை வரைபடத்தை மேசையில் விரித்தார். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கப் பதினோரு டன் எஞ்சின் ஒன்று வருகிறது. அதற்கு உறுதியான தளம் வேண்டும். நோட்டைப் புரட்டி, இருபத்தேழாம் துளையின்மேல் விரலை வைத்தார். ஆழமில்லாத பாறை, ஐந்தடி சோதித்த பாறை, இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார். பதிவைத் தெளிவாக எழுதியிருப்பதாகவும் பாராட்டினார்.

விஸ்வலிங்கத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. துரையின் அறையை விட்டு இறங்கும்போது மூன்றாம் படியில் நின்றுவிட்டார்.

அந்த ஐந்தடியை இப்போதாவது குடைந்து பார்த்தாக வேண்டும். உளிவேலை தெரிந்த கூட்டம் ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கூலி லயத்துக்குப் போனார். சன்னாசியின் மனைவி இருளாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க கிராணி ஐயா. எங்க வீட்டுல பம்பு இல்லையே, எதக் கடிக்கப் போறீங்க?"

லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவர் சன்னாசியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். துரைக்குத் தெரியாமல் முடிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

"தெரியாம செஞ்சிட்டு, பொறவு யாரு பேர எழுதுவீங்க?"

"நடந்ததை எழுதுவன்."

"அந்தச் செமோர் வீட்ட நானும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன் ஐயா. எம் பேரும் எழுதுறதா இருந்தா வாரேன்."

"எழுதுவன் எண்டு சொன்னனே."

சன்னாசி பக்கத்து அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "பிச்சைமுத்து மச்சான், எந்திரிலா. கிராணியாருக்குக் கல்லு மேல சந்தேகம் வந்துருச்சாம்."

காலை ஒன்பதரைக்குக் குழாய் மறுபடி பத்தொன்பதாம் அடியில் நின்றது. அதன்பிறகு அங்குலம் அங்குலமாகத்தான் போனது. உளி மூன்று முறை மழுங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்திரண்டு அடி. சன்னாசி கம்பியைக் கடித்தபடியே, "சத்தம் மாறுது. ஈயமண்ணு வந்துருச்சு, பாருங்க, வந்துருச்சு," என்று பல்லிடுக்கில் பேசினான். வானில் மழை கட்டியிருந்தது. விஸ்வலிங்கம் நோட்டைத் திறந்து, அவன் சொல்வது பொய்யாகப் போகவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு, இருபத்து மூன்று அடி இரண்டு அங்குலத்தில், உளிக்கம்பி நால்வரின் கையையும் உதறிக்கொண்டு கீழே போனது. பிச்சைமுத்து மேடையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். மூன்றடி இறங்கியபின் கைப்பிடி குழாயின் வாயில் மாட்டி நின்றது. கம்பியை உருவியதும் குழாய்க்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஒருவன் சிறு கல்லைப் போட்டான். கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அடிப்பாறையும் இல்லை, ஈயமண்ணும் இல்லை. நாலடிக் கனமான சுண்ணாம்புக் கூரை, அதற்கடியில் குகை.

சன்னாசி கம்பியை வாயிலிருந்து எடுத்தான். "மண்ணு இல்லையே," என்றான்.

அந்த முகத்தை விஸ்வலிங்கம் பார்த்தார். இரண்டு மாதமாக அவருக்கு இல்லாத ஒரு நிம்மதி அந்த முகத்தைப் பார்த்ததும் வந்தது.

"ஈயமண் எண்டு நீ சொன்னனீ."

"அடிப்பாறை இல்லன்னுதானே ஐயா மொதல்ல சொன்னேன்."

"ஈயமண் எண்டும் சொன்னனீ. சத்தியம் வேறை பண்ணினனீ. எல்லாரும் கேட்டவை."

"கேட்டாங்கதான்," என்றான் சன்னாசி. குழாயை விட்டு எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னான்.

மறுநாள் காலை விஸ்வலிங்கம் துரைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். முதல் பிரதி ஆறு வரிதான். தமக்குச் சந்தேகம் தோன்றியதால் மறுபடி சோதித்ததாகவும், கீழே குகை இருப்பதால் எஞ்சினை அங்கே வைக்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. பழைய பதிவு கைப்பிழை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். எஞ்சினைக் காப்பாற்றியவர் என்ற பெயரும் செமோர் வீடும் அவருக்கு வந்திருக்கும்.

வாசித்துப் பார்த்தார். அதில் சன்னாசி இல்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கைவிட வேறொன்று அவரை உறுத்தியது. இப்படியே கொடுத்தால், சன்னாசியின் பல் பொய்த்ததே இல்லை என்ற நம்பிக்கை துரையிடம் அப்படியே இருக்கும். இன்னொரு தாளை எடுத்தார். 'இத்துளையில் பாறைக்குக் கீழே ஈயமண் உண்டென்று மண்டோர் சன்னாசி இரண்டு முறை உறுதியாகச் சொன்னார். அது தவறு' என்று எழுதினார். முதல் முறை எப்போது சொன்னான் என்று எழுதவேண்டியிருந்தது. மார்ச் பதினொன்று என்று எழுதினால், மேலும் ஐந்தடி கேட்டுத்தான் அப்படிச் சொன்னான் என்பதையும் எழுதவேண்டும். கேட்டதற்கு என்ன நடந்தது? கிராணி நிறுத்தினார். இருபத்து நான்கு அடி? குடையாமலே எழுதியது. ஒவ்வொரு வரியும் அடுத்ததை இழுத்து வர, அறிக்கை நான்கு பக்கமானது.

தவமணி அதை வாங்கி முழுக்க வாசித்தாள்.

"என்னப்பா, உங்களை நீங்களே ஏன் மாட்டுறியள்? அவன்ரை கதையை வெட்டிவிடுங்கோ."

"அவனும் பிழை விட்டவன் எண்டு துரைக்குத் தெரியவேணும்."

"அதுக்காக எங்கடை வீடு போகவேணுமோ?"

அவர் தாள்களை மடித்து உறையில் போட்டார்.

துரை நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார். சன்னாசியை வரவழைத்து, ஈயமண் இருக்கிறது என்று சொன்னாயா என்று கேட்டார். சொன்னதாக அவன் ஒப்புக்கொண்டான். ஐந்தடி குடையாமல் எழுதினீரா என்று விஸ்வலிங்கத்தைக் கேட்டார். ஆம் என்றார். துரை சத்தம் போடவில்லை. இருவரையும் வேலைக்குத் திரும்பச் சொன்னார். அன்று மாலையே கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது.

எஞ்சின் வீடு நூற்று நாற்பது அடி கிழக்கே, மூன்று புதிய துளைகள் போட்டுப் பார்த்தபின் கட்டப்பட்டது. மேற்பார்வையாளர் வேலைக்கு ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து பினாங்கு வழியாக இருபத்து மூன்று வயது வெள்ளைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். செமோர் வீடு அவருக்குக் கொடுக்கப்பட்டது. சன்னாசி மண்டோராகவும் விஸ்வலிங்கம் கிராணியாகவும் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள்.