கண்ணாடியில் ஒரு குங்குமப் புள்ளி

எங்கள் சிற்றலை வானொலி நேயர் மன்றத்தின் இதழுக்கு முதன்முதலாகக் கதை எழுத வருகிறவர்களுக்கு நான் நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். மன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது 1982இல் எனக்கு நடந்ததுதான். அதையே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் மலையைச் சுற்றி டவுனுக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் நூலகம். பனி நாட்டு மொழிபெயர்ப்பு நாவல் எது கிடைத்தாலும் விடமாட்டேன். மார்கழியில் மலை உச்சியை மூடும் மேகத்தைப் பார்த்தாலே எனக்குப் பனிப் பிரதேசம் கண்முன் வந்துவிடும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவேன்.

மன்றத்தில் பதினொரு பேர் இருந்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு டவுனில் தசரதன் அண்ணனுடைய ரேடியோ ரிப்பேர் கடையில் கூடுவோம். எந்த நாட்டு நிலையம், எத்தனை மீட்டரில், எத்தனை மணிக்குக் கேட்டது என்று ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். கடையில் உயிர் போன பழைய ரேடியோ ஒன்று உண்டு. வாசிப்பதில் பிழை இருந்தால் தசரதன் அண்ணன் அதன் குமிழைத் திருகுவார். ‘டக்’ என்று சத்தம் வரும். மூன்று டக் விழுந்தால் அது நான்கு பக்க சைக்ளோஸ்டைல் இதழில் ஏறாது.

ஆண்டுமலருக்கு ஒரு கதை வேண்டும், ரேடியோ கேட்பவர்களைப் பற்றியே இருக்க வேண்டும் என்றார்கள். ‘நான் எழுதறேன்’ என்று எழுந்து நின்றுவிட்டேன். அதோடு விடாமல் டைப்ரைட்டிங் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் பெயர் அச்சில் வரப் போகிறது என்று.

அலெக்ஸி என்று ஒருவன். பனி மூடிய மலைக்குடில். பக்கத்தில் கொதிக்கும் சமோவார். நாற்பது பக்க நோட்டில் முப்பத்தாறு பக்கம். அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்தேன்.

“‘சிற்றலை என்பது வானத்தில் மோதித் திரும்பும் ஒரு வகை அலை ஆகும்.’”

டக்.

“ஏன்ணா? அது சரிதானே?”

“சரிதான். யாருக்கும்மா சொல்ற? இங்க குந்தினு இருக்கறது இன்னா, எல்.கே.ஜி. பசங்களா?”

தொடர்ந்தேன். “‘நண்பகல் பன்னிரண்டு மணி. நாற்பத்தொன்பது மீட்டரில், ஐயாயிரம் மைல் தாண்டி ஒரு பாடகியின் குரல் தெளிவாக வந்தது.’”

காசி சிரித்துவிட்டார். அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். “பட்டப்பகல்ல நாப்பத்தொம்போதுல ஐயாயிரம் மைலா? நமக்கு வேலூரே வராது!”

டக்.

சூறாவளியில் ஏரியல் கம்பி அறுந்து விழுந்தது. அலெக்ஸி அதைக் கவனிக்காமல் விடியும் வரை பாட்டுக் கேட்டான்.

டக்.

“அவன் கவனிக்கல, சரி. ரேடியோவுமா கவனிக்கல?” என்றாள் தையற்கடை சரசு. எல்லாரும் சிரித்தார்கள். “மலர் ரெண்டு வாரம் தள்ளிதான் ஸ்டென்சில் ஏறுது. வேற இருந்தா கொண்டா. இல்லாட்டி காசியோட ஜோக்ஸுங்கள போட்டுக்கலாம்” என்றார் தசரதன் அண்ணன்.

காசியின் ஜோக்குகளிடம் தோற்பதா! மலையைச் சுற்றி சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கண்ணீர் காற்றிலேயே காய்ந்துவிட்டது.

வீட்டில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அப்பா ஆதிமூலம் மாலையில் விவசாய நிகழ்ச்சி கேட்பார். அது முடிந்து அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும்தான் எனக்கு. அவருடைய நிலையத்திலிருந்து முள்ளை நகர்த்தினால் திட்டுவார். அதனால் டயல் கண்ணாடியில், முள் நிற்கும் இடத்தில், பொடியாக ஒரு குங்குமப் புள்ளி வைத்திருந்தேன். கேட்டு முடித்ததும் முள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். இரண்டு வருஷமாக அவருக்குத் தெரியாது.

அன்று அப்பா உரம் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, நான் சுவரோரம் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்தேன். நான் படித்த எந்த நாவலும் சமோவார் என்றால் இன்னது என்று எனக்குப் பாடம் எடுத்ததில்லை. அதைச் சுற்றி டீக்காகக் காத்திருந்தவர்களை வைத்தே எனக்குத் தெரிந்தது. அவர்கள் தங்கள் வீட்டில் இருந்ததை எழுதியிருந்தார்கள். நான் அவர்கள் வீட்டில் இருந்ததை எழுதிக்கொண்டிருந்தேன்.

அலெக்ஸியை அப்படியே விட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் முள்ளைத் திருப்பும் ஒரு பெண்ணைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். மீட்டர், நேரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு மாலையும் கேட்டுச் சரிபார்த்தேன்.

மலருக்காகத் தனியாகக் கூடிய ஞாயிறு, இரண்டாம் முறை வாசித்தபோது பாதி வரை ஒரு டக் கூட விழவில்லை. குங்குமப் புள்ளி வந்தது.

டக்.

நோட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

“குங்குமம் வியர்வ கை பட்டா அழிஞ்சிடும். நான் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன்” என்றார் தசரதன் அண்ணன்.

“பென்சில் கண்ணாடில நிக்குமா? நெய்ல் பாலிஷ்ணா” என்றாள் சரசு.

“பஸ் டிக்கெட்ட கிழிச்சி ஒட்டினா போதும்” என்றார் காசி.

எல்லார் வீட்டு ரேடியோவிலும் ஒரு அடையாளம் இருந்திருக்கிறது! அண்ணிக்குத் தெரியாமல், மாமியாருக்குத் தெரியாமல், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். எந்த அடையாளம் நல்லது என்று பத்துப் பேரும் கத்தினார்கள். என் கதையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அலெக்ஸிக்காக ஒருவர் கூட இப்படிக் கத்தியதில்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கதை இன்னும் முடியல” என்றேன் கடைசியில்.

“படி, படி. அந்த டக்க கணக்குல சேக்கல. பென்சில்னு மட்டும் மாத்திக்க.”

“மாட்டேன்ணா. எங்க வீட்டுல குங்குமந்தான்.”

தசரதன் அண்ணன் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மலரின் முதல் பக்கத்தில் கதை வந்தது. ‘ஆ. சந்திரகலா, அடி அண்ணாமலை.’ மை சற்றுப் பரவியிருந்தது. டைப்ரைட்டிங் வகுப்பில் கை மாறி மாறி, திரும்பி வரும்போது தாள் துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அப்பாவிடம் மறைக்க நினைத்தேன். ஆனால் காசி பஸ் ஸ்டாண்டிலேயே அவர் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அன்று மாலை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு ரேடியோவைக் காட்டினார்.

“ஊசி சரியா வந்து நின்னுடும்னு எழுதிக்கிறியே. அது ஒருநாளும் சரியா நின்னதில்ல. நீ கீழ குந்தினு பாக்கற. நான் நின்னுக்கினு பாக்கறேன். புள்ளி ஒரு நூல் தள்ளித் தெரியுது. ரெண்டு வருஷமா தெனம் நாந்தான் திருப்பிக்கிறேன்.”

“ஏம்பா சொல்லல?”

“சொன்னா நீ கேக்கறத நிறுத்திட்டிருப்ப.”

பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் கிளம்பினார். என் ரேடியோ நேரத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் எழுந்து, அப்பா நிற்கும் இடத்தில் நின்று புள்ளியைப் பார்த்தேன். முள்ளிலிருந்து ஒரு நூல் தள்ளித்தான் இருந்தது.

அடுத்த கதையை அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.