மாமன் பெயருக்குப் பக்கத்தில்

ஆகஸ்ட் 30, சனி. இன்றைய பிழை: மேலூர் பிளெக்ஸில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று.

இவ்வளவு எழுதிவிட்டு அழகுபாண்டி பேனாவை மூடினான். சிம்மக்கல்லில் ஒரு மருந்து மொத்தக்கடையின் மாடியில் நடக்கும் டேலி கணக்கு வகுப்பு அது. சார் இன்னும் வரவில்லை. தப்பாகப் பதிந்ததை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்காரக் கூடாது, அது அங்கேயே கிடக்கட்டும், கீழே எதிர்ப் பதிவு போடு என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். கணக்குக்குச் சொன்னதை அழகுபாண்டி நாட்குறிப்புக்கும் எடுத்துக்கொண்டான். இடம் பார்க்காமல் விழுந்த ஒற்று, காலதாமதம், ஒருவரிடம் சுள்ளென்று பேசியது எல்லாம் அன்றன்றைக்கே ஏறிவிடும். எதிர்ப் பதிவு போடத்தான் பல நாள் வராது. இன்றைக்கும் வரவில்லை. எழுதிய வரியை மறுபடி படித்தான். ‘விட்டுப்போயிற்று’ என்பது கொஞ்சம் வசதியான சொல்லாகப் பட்டது.

நாளைக்கு மேலூரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்கா செல்லத்தாய்க்கு அவன் ஒரே தம்பி. அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள வில்லாபுரத்தில் ஓர் ஒற்றை அறையும் அதில் இருக்கும் இவனும்தான். பிள்ளையை இவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதை யாரும் பேசி முடிவுசெய்யவில்லை. பிள்ளை பிறந்த அன்றே முடிவான விஷயம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கப்பலூரில் ஒரு மில்லின் அலுவலக வேலையை விட்டுவிட்டு விளம்பரம் எழுதப் போகிறேன் என்று அவன் நின்றபோது, ஊரே ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் இருந்தார்கள். மச்சான் பேயாண்டியிடம் பேசி லேப்டாப் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்சி போனிலேயே வேலை சொல்லும், இவன் அறையில் உட்கார்ந்து எழுதி அனுப்புவான். நல்லெண்ணெய் விளம்பரம் ஒன்றுக்கு ‘நீங்க தாளிச்சா அடுத்த வீட்டுக்கும் பசிக்கும்’ என்று எழுதினான். அது டவுன் பஸ்களின் முதுகில் ஏறி மேலூர் வரை போயிற்று. செல்லத்தாய் பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னால் நின்றாளாம். “இது மாமா எழுதுனதுடி” என்று சொல்லிக் காட்டினாளாம். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, “மாமன் பஸ்ஸா ஓட்டுறாரு?” என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள்.

பிறகு வேலை குறைந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, சண்டையும் இல்லை. ஏஜென்சியில் இவனோடு பேசும் விஜய்ஆனந்த் முதலில், “இந்த மாசம் கொஞ்சம் டல்லு பிரதர்” என்றார். அடுத்து, கடைக்காரர்களே போனில் ஏ.ஐ.யிடம் ஏதோ அடித்து எழுதி வாங்கிக்கொள்கிறார்கள், அதைச் சரிபார்த்துத் தந்தால் போதும் என்றார். அதற்கடுத்து அதுவும் வரவில்லை. மனைத்தரகர், மெத்தைக்கடை, பல் டாக்டர் என்று உள்ளூரில் பிடித்தவர்களும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். தான் எழுதியதில்தான் என்னவோ குறை என்று ஒவ்வொரு வரியையும் எடுத்து வைத்துப் பார்த்தான். குறை தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று மாதமாகச் சிம்மக்கல்லில் காசிமாயனின் பிளெக்ஸ் கடையில் இருக்கிறான். வாசகம் எழுதுவதும் பெயர் கோப்பதும் அவன் வேலை. வேலை இல்லாதபோது பிளெக்ஸின் ஓரம் மடித்து, கயிறு கோக்க வளையம் அடிப்பதும் அவன் வேலைதான். அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அவன் இன்னும் சென்னைக் கம்பெனிதான்.

காதுகுத்து பிளெக்ஸ் என்றால் பிள்ளையின் படத்துக்குச் சமமாகத் தாய்மாமன்களின் பெயர் நிற்கும். வெறும் பெயர் போதாது. பக்கத்தில் வேலை வேண்டும். மின்வாரியம், காவல்துறை, சிங்கப்பூர். வேலை இல்லாதவனுக்கு ஏதாவது ஒரு மன்றத்துப் பொறுப்பாவது வேண்டும். செவ்வாய்க்கிழமை அக்கா பெயர்களைப் போனில் குரல் பதிவாக அனுப்பியிருந்தாள். “முதல்ல ஒம் பேரு, பெருசா. பக்கத்துல என்ன போடணுமோ நீயே போட்டுக்க தம்பி, எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் பெரியப்பா மகன் சோணைமுத்து, மின்வாரியம். சித்தப்பா மகன் முத்திருளன், சிங்கப்பூர். ஒனக்குத் தெரிஞ்ச கடையில சொல்லி நல்லாப் போட்டு அனுப்பு.”

தெரிந்த கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான் அதைக் கேட்டான். பெயரை அடித்தான். ஒரு காற்புள்ளி வைத்தான். அதற்குப் பிறகு மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. ‘விளம்பரத்துறை’ என்று போட்டான். எந்தக் கம்பெனி என்று யாராவது கேட்பார்கள். ‘எழுத்தாளர்’ என்று போட்டுவிட்டு, கடையில் யாரும் பார்க்கவில்லை என்றபோதும் உடனே அழித்தான். ‘சென்னை’ என்று மட்டும் போட்டுப் பார்த்தான். அது பொய்யிலும் சேரவில்லை, மெய்யிலும் சேரவில்லை. எண்ணெய்க்கும் மெத்தைக்கும் பல்லுக்கும் ஒரு மதியத்தில் பத்து வாசகம் எழுதியவன் அவன்.

“என்ன மாப்ள, சொந்தக்காரப் புள்ள பிளெக்ஸுன்னு இழைக்கிறியா?” என்று காசிமாயன் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து கத்தினார். “காது குத்துறதுக்குள்ள முடிச்சிருவியா, இல்ல அந்தப் புள்ள சடங்குக்கு வச்சுக்கிருவமா?”

“இந்தா முடிஞ்சிருச்சுண்ணே.”

தன் வரியைத் தனியாக ஒரு பக்கத்தில் எடுத்து வைத்தான், யோசித்துச் சேர்க்கலாம் என்று. டீ வாங்கப் போனான். திரும்பி வரும்போது, இருந்ததை அப்படியே எடுத்து காசிமாயன் மெஷினை ஓட விட்டிருந்தார். பட்டுப்பாவாடையில் பாப்பாவின் முகம் மை வாசனையோடு அங்குலம் அங்குலமாக இறங்கியது. தாய்மாமன்கள் என்ற தலைப்பு வந்தது. சோணைமுத்து வந்தான். முத்திருளன் வந்தான். நிறுத்தச் சொல்ல அவகாசம் இருந்தது. காசிமாயன் திட்டிவிட்டு நிறுத்தியிருப்பார். அழகுபாண்டி டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுருளும் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். வளையங்களையும் அவனே அடித்தான்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான்.

“தம்பி, பிளெக்ஸு வந்துச்சுடா.” பின்னால் பந்தலில் சேர் இறக்கும் சத்தம். “விட்டுப்போச்சா, விட்டுட்டியா?”

“விட்டுப்போச்சுக்கா. அவசரத்துல...”

“இங்க என் ஓரகத்தி என்ன சொன்னாக தெரியுமா? ஏத்தா செல்லத்தாயி, ஒன் பொறந்த வீட்டுல மாமன் முறைக்கு ஆளு ஒத்திக்கு எடுத்துருக்கியான்னு. அம்புட்டுப் பேரும் சிரிக்குது. நானும் சேந்து சிரிச்சேன்டா. வேற என்ன செய்ய?”

கீழே தெருவில் ஒரு லோடு ஆட்டோ பின்னால் வர வழி கேட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது.

“மச்சான் ஒன்னியப் பாத்தாக,” என்றாள் அவள், குரலை இறக்கி. “போன மாசம் சிம்மக்கல்லுக்குச் சரக்கெடுக்க வந்தப்ப. தரையில உக்காந்து வளையம் அடிச்சுக்கிட்டு இருந்தியாம். அவனாச் சொல்ற வரைக்கும் கேக்காதன்னு எங்கிட்டச் சொன்னாக. நான் கேக்கல. கேட்டனா?”

“இல்லக்கா.”

“எண்ணெய்க்கெல்லாம் எழுதுனியேடா. ஒம் பேருக்குப் பக்கத்துல ஒண்ணும் தோணலன்னா, செல்லத்தாய் தம்பின்னு போடக் கூடவா தெரியல?”

சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். மூன்று நாள். அந்த இரண்டு சொல் அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒட்டுப் போட்டுறலாம்க்கா. பேரை மட்டும் தனியா அடிச்சு எடுத்துட்டு வந்து, நான்...”

“எதுல ஒட்டுவ? அதை இறக்கச் சொல்லிட்டேன். ஒம் பேரு இல்லாம எம் புள்ளைக்கு எதுக்கு போர்டு? மழை தூறுதுன்னு சமையக்காரக அடுப்புக்கு மேல கட்டிக்கிட்டாக.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “காலையில வருவியா தம்பி? கம்பெனி, லீவுன்னு எங்கிட்டச் சொல்லாத. வரலன்னா இப்பவே சொல்லிரு. சோணைமுத்து மடியில வச்சுக்கிறேன். அவன் பாவம், கூப்புட்டா வருவான். பாப்பாதான்...”

யாரோ அவளை அங்கே கூப்பிட்டார்கள். “இந்தா வாரேன்” என்றாள் அவர்களுக்கு. இணைப்பு துண்டாயிற்று. “வாரேன்க்கா” என்று அவன் சொன்னது துண்டாவதற்கு முன்பா பின்பா என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. பந்தல் வேலையில் கேட்டிருக்காது.

வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. பையை எடுக்க மட்டும் போனான். அவன் கம்ப்யூட்டரில் பாதிப் பதிவு அப்படியே நின்றது. வில்லாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தான். அறையில் பெட்டியைத் திறந்து, போன தீபாவளிக்கு அக்கா எடுத்துக் கொடுத்த வேட்டியை எடுத்தான். மடிப்பில் பழுப்பேறியிருந்தது. நனைத்து, மின்விசிறிக்குக் கீழே கயிற்றில் போட்டான். சொட்டுச் சொட்டாகத் தரையில் ஈரம் பரவியது.

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாட்குறிப்பு மடியில் இருந்தது. பாப்பா இப்போது எவ்வளவு கனம் இருப்பாள் என்று யோசித்தான். போன பொங்கலுக்குத் தூக்கியது. ஊசியைக் கண்டதும் திமிறுவாள், பின்னந்தலையால் அவன் தாடையில் இடிப்பாள். நாட்குறிப்பை எடுத்து ஓரமாக வைத்தான். முழங்கால்களைச் சற்று அகட்டி, கைகளை முன்னால் வளைத்து, ஒரு பிள்ளை உட்காரும் அளவு வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். தலைக்கு மேல் ஈர வேட்டி ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு நாட்குறிப்பைத் திறந்து நிதானமாக எழுதினான்.

நாளை: விடியுமுன் மாட்டுத்தாவணி. மேலூருக்கு முதல் பஸ். பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.