றமீஸாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சுகள்

1
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மாத்தளையில் ஒரு கொக்கோ ஸ்டோரில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். ஞாயிறு பத்திரிகைகளுக்குக் கதையும் எழுதுவேன். என் மகள் றமீஸா, பதினொரு வயதுக்குள் பேச்சுப் போட்டிகளில் நான்கு பரிசு வாங்கியவள். நான்கு பேச்சையும் எழுதியவன் நான். நடப்பது 1964.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மகளின் திறமைக்காகத் தன்னையே தேய்த்துக்கொண்ட ஒரு தகப்பன்...'

அடித்துவிட்டேன். அடுத்தது: 'மகளின் நாவைப் பறித்த ஒரு...'

அதுவும் சரியில்லை. அந்தத் தகப்பன் அவ்வளவு கெட்டவன் அல்ல. பதினைந்து வயதில் மீலாத் விழா மேடையில் வார்த்தை வராமல் நின்றவன். கூட்டம் கைதட்டியே கீழே இறக்கியது. மகளுக்கு அது நேரக்கூடாது என்று நினைத்தான்.

(நினைத்தேன். 'அவன்' என்று எழுதினால் குற்றம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.)

3
புதன்கிழமைகளில் பள்ளி விட்டபின் சந்திரகாந்தா டீச்சர் பேச்சு வகுப்பு நடத்துவார். ஒருநாள், "இன்னைக்குக் கடதாசி வேணாம். காலைல வீட்டுல நடந்ததச் சொல்லுங்க" என்றாராம். ஒருத்தி ரொட்டி கருகியதைச் சொன்னாள். இன்னொருத்தி தம்பியின் பல் விழுந்ததைச் சொன்னாள். றமீஸா எழுந்து நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில் சொன்னாளாம்:

"வாப்பா இன்னம் எழுதித் தரல்ல டீச்சர்."

டீச்சர் இதை பஸ் நிலையத்தில் வைத்து என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

"மேடையில நடுங்காத புள்ள அவ ஒருத்திதானே டீச்சர்?"

"நடுங்கமாட்டாதான். எந்த வரிக்கு எந்தக் கையத் தூக்கணும்னுகூட எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

வீட்டுக்கு வந்து ஹமீமாவிடம் சொன்னேன். என் மனைவி மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "ரெண்டு வருஷமா நானும் இதத்தான் சொல்றேன்" என்றாள். சொல்லியிருப்பாள். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

4
அடுத்த போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. இம்முறை எழுதித் தரமாட்டேன் என்றேன். றமீஸா அழுதாள்.

"அப்ப நான் தோத்துருவேனே வாப்பா!"

"தோத்தா தோத்துட்டு வாங்க மகள்."

எட்டு நாள் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் மேசையில் ஒரு தாள் கிடந்தது. 'கலேவெல பஸ்ஸுல எங்கட கோழி தப்பிச்சிடிச்சி' என்று தொடங்கியது. சாச்சி வீட்டுக்கு, அதாவது கலேவெலயிலுள்ள ஹமீமாவின் தங்கை வீட்டுக்குப் போனபோது நடந்ததுதான். ஆனால் கண்டக்டரின் தொப்பிக்குள் கோழி எட்டிப் பார்த்ததை நான் கவனித்ததே இல்லை.

[இந்த இடத்தில் தகப்பன் தாளை வைத்துவிட்டு அமைதியாகப் போனான் என்று எழுத ஆசை.]

போகவில்லை. பென்சிலை எடுத்து ஒரே ஒரு சொல்லைத் திருத்தினேன்: 'தப்பியோடியது.'

மறுநாள் பார்த்தேன். என் சொல்லை அழுத்தி அழித்திருந்தாள். தாளில் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு மேலே, பெரிய எழுத்தில்: தப்பிச்சிடிச்சி.

எனக்கு முகம் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சந்தோஷம் வந்தது. அந்த வரிசையை மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

5
போட்டியன்று மண்டபத்து வாசலில் என்னை நிறுத்திவிட்டாள்.

"நீங்க வெளிய நில்லுங்க வாப்பா. முன்னுக்கு இருந்தா ஒங்கட வாய் அசையுது."

நின்றேன். ஐந்தாவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மண்டபமே சிரித்தது. எந்தச் சிரிப்பு என்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது.

6
இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்கு முதற்பரிசு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். மற்றதில் பாதியில் மறந்து, கூட்டத்தோடு சேர்ந்து தானும் சிரித்துவிட்டு இறங்குகிறாள். அது எனக்குப் பிடித்தது. இரண்டும் நான் அவளுக்கு எழுதிக் கொடுப்பவைதான்.

உள்ளே நடந்தது எனக்குத் தெரியும். வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்; நடுவில் நான் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தபோது, "பொறுங்க வாப்பா" என்றாள். பொறுத்தேன்.

மாத்தளைப் பக்கம் வந்தால் அவளிடமே கேளுங்கள். சொல்வாள். கொஞ்சம் நேரம் எடுக்கும்; அவசரமாக வராதீர்கள்.