இசபெல்லாவின் சேலை நீண்ட வரலாறு

இசபெல்லாவின் சேலை முதன்முறையாக ஒரு முழம் நீண்டது 1961ஆம் ஆண்டு, பாஸ்கா பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து பெண்கள் கோயில் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையை நோக்கிப் போகும் மண்சாலையில் இருந்தது சவேரியார்பட்டி. அந்த ஊரில் அவளைப் போலப் பருத்த உடம்பு வேறொருத்திக்கும் இல்லை. "ஏம் புள்ள, இழுத்துப் போத்திக்க. ஊரே பார்க்குது," என்றாள் தாய் ஆரோக்கியம்மாள். மகள் முந்தானையை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. தோளைச் சுற்றி, முதுகைச் சுற்றி, இன்னும் ஒரு முழம் மிச்சமாகிப் படியில் விழுந்தது. அதே கருநீலம், அதே மெல்லிய கரை. இழையில் ஒட்டுப் போட்ட தடயம் ஏதுமில்லை. நின்றிருந்த பெண்கள் துணியைத் தடவிப் பார்த்து, சாயம் கெட்டி என்றார்கள். ஆரோக்கியம்மாள் வீட்டுக்குப் போய் அந்த ஒரு முழத்தைக் கத்தரித்துத் தலையணைக்கு உறை தைத்தாள்.

பருத்த பெண்களுக்கென்று ஊரில் சில விதிகள் இருந்தன. அவற்றை வகுத்தவர் யார் என்பது தெரியாது. எல்லாப் பெண்களுக்கும் அவை மனப்பாடம். கருநீலம் கட்டலாம், காப்பிக்கொட்டை நிறம் கட்டலாம். சிவப்பும் மஞ்சளும் கூடாது. பூ அச்சிட்டிருந்தால் அது கடுகுப் பூவை விடப் பெரிதாக இருக்கலாகாது. இரவிக்கையின் கை முழங்கையைத் தாண்ட வேண்டும். வெள்ளையை நினைத்தும் பார்க்கக் கூடாது, அது உடம்பை இரண்டு மடங்காக்கிக் காட்டும். இவை எவையும் பகையால் சொல்லப்பட்டவை அல்ல. கையைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டு, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் சாமி" என்றுதான் தொடங்குவார்கள். சொல்லி முடிக்கும்போது சேலை நீண்டிருக்கும். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் நாளடைவில் இதன் பயனைக் கண்டுகொண்டாள். பேரனுக்குத் தொட்டில் கட்டத் துணி தேவைப்பட்டபோது வந்து, "கழுத்து எறக்கமா இருக்குதே, உனக்கு அது எடுக்குமா?" என்று ஒரு புத்தி சொல்லிவிட்டு, விழுந்ததை வெட்டி மடித்து எடுத்துப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். 1964 வாக்கில் சவேரியார்பட்டியின் தலையணைகளும், தொட்டில்களும், அரிசிப்பானையை மூடும் துணிகளும் கருநீலமாக இருந்தன. அக்கா, தங்கச்சி என்று எத்தனையோ பேர் வாசலுக்கு வந்துபோன அந்த ஆண்டுகளில், எவர் வந்தாலும் இசபெல்லா முதலில் கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தாள்.

தருமபுரி தனி மாவட்டமான 1965ஆம் ஆண்டு அவளைப் பெண் பார்க்கத் தொப்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை செபாஸ்டின், சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே லாரி ஓட்டுபவன். அவனுடைய தாய் பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா, வெளிச்சம் வரட்டும்," என்றாள். சேலை இரண்டு முழம் நீண்டு விருந்தாளிகளின் காலடிக்கு வந்தது. செபாஸ்டின் குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, இசபெல்லாவின் கையில் கொடுத்தான். "வா ஆத்தா, போலாம்," என்று தாயிடம் சொன்னான். எல்லோரும் அத்துடன் முடிந்தது என்று எண்ணினார்கள். "போயி தேதி குறிக்கணும்ல?" என்றான். தகப்பனும் அண்ணன் தம்பியும் இல்லாத வீடு என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு அவன் சவேரியார்பட்டிக்கே வந்து தங்கினான்.

இரண்டு வருடம் கழித்து அவன் பெங்களூரிலிருந்து ஒரு நைலக்ஸ் சேலை வாங்கி வந்தான். இரத்தச் சிவப்பு, அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள் பூக்கள்.

"ஏங்க, இதைக் கட்டினா ஊரு சிரிக்கும்ங்க."

"சிரிச்சா பல்லு தெரியும். நீ கட்டு."

கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி நெடுநேரம் பார்த்தான். "தொப்பூர் கணவாய் எறங்கினதும் வெளிச்சமா ஒரு ஊரு தெரியும்ல, அப்படி இருக்கே," என்றான். சேலை ஒரு விரற்கடை கூட நீளவில்லை. அவன் வீட்டில் இருக்கும் நாள்களில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் அதைக் கட்டினாள்.

1970 ஆடியில் செபாஸ்டினின் லாரி தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மாதா சபைப் பெண்கள் அவள் வீட்டில் கூடினார்கள். இரண்டு விதிகள் ஒரே உடம்பின் மேல் வந்து முட்டிக்கொண்டது அவ்வூரில் அதுவே முதல்முறை. தாலியறுத்தவள் வெள்ளைதான் கட்ட வேண்டும். பருத்தவள் வெள்ளை கட்டவே கூடாது. இசபெல்லா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை கட்டிக்கிட்டு நீ வந்தா, கோயிலுக்கு முன்னால இன்னொரு கோயிலு நிக்கிற மாதிரி இருக்குமே," என்றாள் குள்ளம்மாள்.

"அதுக்காவ நீலத்துலயே வரட்டுமா? அவ முண்டச்சின்னு எப்படித் தெரியும்?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

சபைத் தலைவி புஷ்பமேரி நியாயமான பெண்மணி. இரு பக்கமும் கேட்டுவிட்டு, "வெளிய வராமயே இருந்துட்டீன்னா ரெண்டுமே சரியாப் போயிரும் பாரு," என்றாள். ஆரோக்கியம்மாள் மூக்கைச் சிந்தியபடி, "நானும் அதைத்தான் நெனச்சேனுங்க," என்றாள். பேச்சு ஓய்ந்தபோது அறையில் முழங்கால் உயரத்துக்குக் கருநீலத் துணி கிடந்தது. பெண்கள் அதைத் தாண்டித் தாண்டி வெளியேறினார்கள்.

இசபெல்லா வெளியே போகவில்லை. அதை அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று வந்தது. அன்று கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து, குடும்பத்தார் மெழுகுத்திரியோடு நிற்பார்கள். பொழுது சாயும் நேரம் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். திரி எரியாத கல்லறையில் அவர் நிற்பதில்லை. கட்டினவள் உயிரோடிருக்க வேறு கை திரியேற்றுவதும் வழக்கமில்லை. ஆரோக்கியம்மாள் தன் கணவனுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சாமியாரு அவருகிட்ட நின்னாராம்மா?"

"ஆளில்லாத எடத்துல யாருடி நிப்பாங்க."

இந்த ஒரு சொல்லுக்குச் சேலை நீளவில்லை. ஆனால் இசபெல்லா அன்று முதல் அடுத்த நவம்பர் வரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உடம்பு சிறிதும் இளைக்கவுமில்லை.

1971ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று அவள் நைலக்ஸ் சேலையை எடுத்துக் கட்டினாள். வெள்ளைக்கும் தடை, நீலத்துக்கும் தடை என்றான பின், இரு தரப்பும் ஒருசேர மறுக்கும் ஒன்றைக் கட்டுவதில் புதிதாக ஒரு குற்றமும் சேரப்போவதில்லை என்பது அவள் கணக்கு. ஆரோக்கியம்மாள் கத்தரிக்கோலோடு பின்னால் ஓடி வந்தாள். "இதை வெட்டக் கூடாதும்மா," என்றாள் இசபெல்லா. கையில் ஒரு திரியோடு தெருவில் இறங்கினாள்.

தெரு பேசியது. "புருசன் செத்து ரெண்டு வருசங்கூட ஆவல, பூப்போட்ட சேலையா!" "பூவா அது, பூசணிக்கா." "அந்த ஒடம்புக்குச் செவப்பு கேக்குதா?" ஒவ்வொரு வீட்டைக் கடக்கும்போதும் முந்தானை அவளுக்குப் பின்னால் நீண்டது. நைலக்ஸ் எடையற்ற துணி. ஆயினும் ஒரு தெரு நீளத் துணிக்கு எடை உண்டு. அவள் நெற்றி நரம்பு புடைக்க இழுத்து நடந்தாள். கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது முந்தானையின் நுனி அவள் வீட்டு வாசற்படியை விட்டு இன்னும் நகரவில்லை. செபாஸ்டினின் கல்லறையருகே நின்று திரியை ஏற்றினாள். தீர்த்தச் செம்போடு வந்த சாமியார், "என்னம்மா இது, ஒரு விதவை இப்படி..." என்று தொடங்கினார். துணி சுருள் சுருளாகப் பெருகி அவர் அங்கியின் மேல் ஏறியது. அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் கல்லறையின் மேல் தீர்த்தம் தெளித்தார். இசபெல்லா சிலுவையை ஒருமுறை சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். சேலை அச்சிலுவையை வளைத்துக்கொண்டு தெரு முழுக்க இரட்டையாகக் கிடந்தது. ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை அவள் வாசற்படியில்.

அதன் பிறகு ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பேசினால் துணி நீள்கிறது; நீண்டால் வண்டி போகத் தடம் இருக்காது. ஆகவே உடுப்பு பற்றி அவளிடம் எவரும் பேசக் கூடாது என்று புஷ்பமேரி சொல்லி அனுப்பினாள். எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். கீழ்ப்படிந்த பிறகுதான், அவளிடம் பேச வேறு பேச்சே தங்களிடம் இல்லை என்பதை அவர்கள் கண்டார்கள். குள்ளம்மாள் கோழியைத் தேடி வந்தாலும் சைகையால் கேட்டாள். 1974இல் ஆரோக்கியம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது மகளின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். "நீண்டா நீளட்டும், சொல்லும்மா," என்று இசபெல்லா கெஞ்சினாள். சொல்ல வந்தது உடுப்புப் பேச்சில் சேருமா, சேராதா என்று தாய்க்கே தெரியவில்லை. மகளின் பருத்த கையைத் தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறந்துபோனாள்.

அவள் அவிழ்த்துவிட்டபடியே தெருவில் கிடந்த சேலை வெயிலில் வெளுக்கவில்லை, மழையில் மக்கவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் இசபெல்லா அதன் ஓரமாக நடந்து போய்த் திரியேற்றித் திரும்பினாள். 1977இல் சவேரியார்பட்டிக்குப் பேருந்து விட்டார்கள். முதல் நாள் ஓட்டுநர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இது யாருடையது என்று கேட்டார்.

"செபாஸ்டின் பொண்டாட்டியோடதுங்க," என்றார் முன்சீட்டில் இருந்த ஒருவர்.

நடத்துநர் இறங்கினார். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் ஊர்க்காரர் ஒருவருமாகக் நீண்ட கம்புகளால் சேலையைப் பேருந்துக்கும் மேலே தூக்கிப் பிடித்தார்கள். பேருந்து அதன் அடியில் மெதுவாக ஊர்ந்து சென்றது. மஞ்சள் பூக்களின் நிழல் பயணிகளின் முகங்களில் ஒவ்வொன்றாக விழுந்து போயிற்று. பிறகு துணியைச் சுருக்கமில்லாமல் கிடத்திவிட்டு, நடத்துநர் ஏறி விசில் கொடுத்தார்.