அரசிடை, நடுப்பாழ்

காலை ஏழு நாற்பதுக்கு மைத்துனன் செம்மல் வந்தான். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

"அக்கா சர்ட்டிபிகேட் பைலு கேட்டுச்சு மாமா. பீரோல மேல்தட்டு."

என் மனைவி தாமரைச்செல்வி சாரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள். அதற்கு முன் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்த மூன்று நாளில் அவளிடம் ஐம்பத்திரண்டு சொற்களைப் பற்றிக் கேட்டேன். கஞ்சி வேண்டுமா என்று கேட்கவில்லை.

நான் பிரெஞ்சு – தமிழ் அகராதி ஒன்றைத் தொகுக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக. என் முறை எளிது. நான் சொல்லை உருவாக்குவேன். அவள் அதைப் பால்காரர் கன்னியப்பனிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்ப்பாள். அவருக்குப் புரிந்தால் அச்சுக்குப் போகும்.

இப்போது இரண்டு சொற்கள் பாக்கி. ஒன்று, ஓர் அரசர் போய் அடுத்தவர் வரும்வரை உள்ள காலம். ஐம்பத்துநான்கில் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அறுபத்திரண்டில்தான் ஒப்பந்தம் செல்லுபடியானது. அப்படி எட்டு ஆண்டு வாழ்ந்த ஊரில் அதற்கு ஒரு சொல் இல்லை. மற்றொன்று, எதிரெதிர்ப் படைகளுக்கு நடுவே இரண்டும் கால் வைக்காத நிலம்.

போன வாரம் நானே கன்னியப்பனிடம் போனேன். "இடையரசின்மை" என்றேன்.

"அம்மா இல்லியே, கால் லிட்டர் போதும்ல?" என்றார்.

பைலை எடுத்து வந்தேன். "எதுக்காம்?"

"ஸ்கூல்ல டீச்சருங்ககிட்ட ட்ரான்ஸ்பர் விருப்பம் கேட்டிருக்காங்க. காரைக்கால்னு எழுதி வச்சிருக்கு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும். குடுத்துட்டா மூணு வருஷம் திரும்ப முடியாது."

"காரைக்கால் அவளா கேட்டா?"

"கேட்டுச்சு. நீங்க வந்து போவாதன்னு ஒரு தடவ சொல்லுங்க மாமா. கிழிச்சிடும்."

"வரேன். உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ."

"உள்ள வந்தா உங்க கட்சின்னு சொல்லும்."

பைலை வாசல் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே எட்டி வாங்கினான். எங்களுக்கு நடுவே இரண்டடி மண். பதினோரு நாளாகப் பெருக்காதது.

அவன் போனதும் சட்டை மாற்றியிருக்க வேண்டும். மண்ணைப் பார்த்ததும் ஒரு சொல் வந்துவிட்டது, குறிப்பேட்டைத் திறந்தேன். அடுத்த சொல் வர மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. பிறகு வீட்டுச் சாவியைத் தேடினேன். அது எங்கே இருக்கும் என்று தெரிந்தவள் சாரத்தில் இருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் படிவம். செம்மல் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு சொல்லும் கெடச்சிடுச்சு" என்றேன். போகாதே என்பதை மூன்றாவதாகச் சொல்வதாக இருந்தேன். அகரவரிசையை நான் மீறியதில்லை.

"சொல்லுங்க."

"ராஜாவுக்கும் ராஜாவுக்கும் நடுவுல அரசிடை. படைங்களுக்கு நடுவுல நடுப்பாழ்."

அவள் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நடுப்பாழ் நல்லாருக்கு. அரசிடை கன்னியப்பனுக்குப் புரியாது."

அதைக் குறித்துக்கொண்டேன். பேனாவை மூடி நிமிர்ந்தபோது அவள் ஸ்கூட்டரில் ஏறியிருந்தாள்.

"மணி மூணே முக்கால். வேற ஏதாவது சொல்லணுமா?"