ஒரு சுற்று பின்னால்

மிஷினை அளவுக்கு நிறுத்துகிறவள் என்பதால் பட்டறையில் அவளை எல்லோரும் செட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். துளையை அகலப்படுத்தும் மிஷினில் கத்தியைப் பிடித்திருக்கும் ஹோல்டரை, ஒரு திருகைத் திருப்பி மயிரிழை அளவுக்கு நகர்த்தலாம். அதைச் சரியாக நிறுத்த அவள் ஒருத்திக்குத்தான் வரும். ஒன்பது வருடமாகச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு எடுத்ததில்லை.

அன்று காலை மகள் போன் செய்தாள். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி நெருங்கிவிட்டது. “எப்பம்மா வர்ற? மாமா விடமாட்டேங்கிறாரா?”

அண்ணனிடம் போய் நின்றாள். அவர் நிமிராமலே, “இந்த ஆர்டர் முடியட்டும்மா. நீ இல்லாம எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது” என்றார். போன ஆர்டருக்கும் இதையேதான் சொன்னார்.

அவரைக் குறை சொல்லவும் அவளால் முடியவில்லை. இந்த முடிச்சைப் போட்டவளே அவள்தான்.

புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு இங்கே சேர்ந்த முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். திருகின் மரை தேய்ந்து ஆட்டம் கொடுத்திருந்தது. அதன் டயல் காட்டும் அளவு பொய். திருகை ஒரு சுற்று பின்னால் திருப்பி மறுபடி முன்னால் கொண்டுவந்தால் சரியாக நிற்கும். சொன்னால் யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். அண்ணி அப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். தன்னால் மட்டும் ஆகிற வேலை ஒன்று இருந்தால்தான் இங்கே நிலைக்க முடியும். அதனால் ஹோல்டரைத் தொடும்போதெல்லாம் முதுகால் மறைத்துக்கொண்டாள். போன வருடம் மிஷினை ஓட்டும் டர்னர் தானே நிறுத்த முயன்று, ஏற்றிய எட்டு ஜாப்பைக் கெடுத்தான். எல்லார் முன்னாலும் அண்ணன் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் வாயைத் திறக்கவில்லை.

மதியம் மிஷின் நின்றதும் டர்னரைக் கூப்பிட்டாள். “இங்க வா. இதப் பாரு.”

செய்து காட்டினாள். அவன் சற்று நேரம் ஹோல்டரையே பார்த்தான்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“அந்த எட்டு ஜாப் கெட்டப்பவும் உங்களுக்கு இது தெரியுமாக்கா?”

“தெரியும்.”

அவன் திருகுச் சாவியை வாங்கித் திருகைப் பின்னால் தள்ளி, மெதுவாக முன்னால் கொண்டுவந்தான். முதல் ஜாப் இறங்கியது. அண்ணன் வந்து அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

“நான் மக வீட்டுக்குக் கிளம்புறேண்ணே.”

கத்துவார் என்று நினைத்தாள். அவர் டர்னரைப் பார்த்தபடியே, “சரிம்மா. நிதானமா இருந்துட்டு வா. ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

காலையில் கையும் ஓடாது காலும் ஓடாது என்றவர் அவர்தான். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். பட்டறையிலிருந்து கூப்பிடுவார்களென்று தினமும் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தாள். பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள். டர்னர் எடுத்தான். பின்னால் மிஷின் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏதாவது சிக்கலாப்பா?”

“ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் ஓடுது.” “வேற ஏதாவது சொல்லணுமா?” என்றான்.

“இல்ல” என்றாள். அவன் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.