நொண்டி நடந்த வீடு

நெடுந்தூர ஓட்டத்தில் பாதியில் விழுந்த பெண்ணின் வீடு, மறுநாள் காலையில் நாலடி முன்னால் போய் நின்றிருந்தது. பால்காரர் பழைய இடத்திலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனதில்தான் அவள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் பாதியில் விட்டதில்லை. பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும், அவருடைய அப்பாவும் அதே ஓட்டத்தை ஓடி முடித்தவர்கள். முடியாமல் நிற்கிறவர்கள் சட்டையில் ஊசியால் குத்திய எண் அட்டையைக் கழற்றி, எல்லோருக்கும் பின்னால் வரும் கடைசி வண்டியில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மகளுக்குத் தன் வீட்டு வாசலில் வலது குதிகால் தசைநார் அறுந்தது. தவழ்ந்தே உள்ளே போனாள். வண்டிக்காரர் எண்ணைக் கேட்டபோது அப்பா வாசலை மறித்து நின்றார்.

"என் பொண்ணு நிக்கல. கொஞ்சம் உட்காந்திருக்கா, அவ்வளவுதான்."

ஆகவே ஓட்டம் முடியவில்லை. அவளுக்குப் பதிலாக வீடு அதைத் தொடர்ந்தது. வலது மூலையை இழுத்து இழுத்து நொண்டியதால் அந்தப் பக்கச் சுவரில் மட்டும் காரை உதிர்ந்தது. மகள் கண்ணயர்ந்தால் வேகம் கூடும். ஜன்னல் கதவுகள் மூச்சு வாங்குவதுபோல் திறந்து மூடும். கடைசி வண்டியும் விதிப்படி பின்னாலேயே வந்தது. வண்டிக்காரருக்கு அம்மா வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள். மின்கம்பியை வாரந்தோறும் நீட்டிக் கொடுத்த ஊழியர், "வீட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கக் கூடாதா சார்?" என்று கேட்டுப் பார்த்தார். 

அது தெருவின் கடைசி வீடு. முன்னால் வெற்று நிலம், அதற்கப்பால் ரயில் பாதை, அதையும் தாண்டி ஓட்டம் முடியும் மைதானம். மழைக்காலம் போனபோது கட்டிலிலிருந்தே ரயில் சக்கரங்கள் தெரிந்தன. அம்மா கனமான சாமான்களையெல்லாம் பின்னறைக்குத் தள்ளினாள். மகளை மாமா வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றாள். பாதையை விட்டு விலகினால் விட்டதாகவே ஆகும் என்றார் அப்பா. மகள் சட்டை மாற்றும்போதெல்லாம் எண்ணை எடுத்துப் புதுச் சட்டையில் அவரே குத்தினார்.

மகள் தூக்கத்தைக் கைவிட்டாள்.

"கழட்டிக் குடுத்துடலாம்ப்பா. பயமா இருக்கு."

"நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்லம்மா."

"நம்ம மேல ரயில் ஏறிட்டா மட்டும் முடிச்சதா ஆயிடுமா?"

ஒரு மத்தியானம் அவளையறியாமல் கண் சொக்கியது. வாசற்படி சரளைக்கல்லில் ஏறும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் சரக்கு ரயிலின் ஊதல். அம்மா மகளை உலுக்கி எழுப்பினாள். அப்போதும் வீடு நிற்கவில்லை. அப்பா ஊசியைக் கழற்றினார். விரலில் குத்தி ரத்தம் வந்தது. பின்வாசல் வழியாக இறங்கி, வண்டிக்காரர் கையில் எண்ணை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"என் பொண்ணு நின்னுட்டா."

வீடு உட்கார்ந்தது. ரயில் வாசல் சன்ஷேடை உரசிக்கொண்டு போயிற்று. வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அத்தனை மாதம் கழித்துத் தன் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அப்பா தலை குனிந்து நடந்தார் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

இப்போது அங்கே எல்லோருக்கும் பின்வாசல்தான் வழி. ரயில் வரும்போது வந்தவர்கள் டம்ளரைக் கையால் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்துகிறார்கள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.